பழைய கார் புத்தகம்: முதல் காசை எதில் போடுவது?

பெங்களூர் அல்சூரில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தாத்தா காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வீட்டு வாசலில் உறை போட்டு நிற்கிறதாம். அதை ஓட வைக்க வேண்டும், அதன் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகத்துக்கென்று 5,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறார். சர்ச் ஸ்ட்ரீட்டில் பார்த்த பெரிய படப்புத்தகம் ஒன்றை மனசு விடவே மாட்டேன் என்கிறது. மெக்கானிக்கோ, மேனுவல் கொண்டு வந்தால்தான் எஞ்சினில் கை வைப்பேன் என்கிறார். எதை வாங்குவது?

ஃபியட் வைத்திருப்பவர்கள், அம்பாசடர் வைத்திருப்பவர்கள், கார் இல்லாமல் ஆசை மட்டும் வைத்திருப்பவர்கள் என்று பலரும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். கடையில் 'கார்' என்ற ஒரே பலகைக்குக் கீழே அடுக்கியிருந்தாலும், இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு வகைப் புத்தகங்கள். ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், புத்தகம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். "இதை எப்படிக் கழற்றுவது?", "இது ஏன் இப்படி இருக்கிறது?", "அந்தக் காலத்தில் இது எப்படி ஓடியது?" மூன்றும் வேறு வேறு கேள்விகள்.

இரண்டாவது, இந்தியாவில் தயாரான வண்டிக்கு அது பொருந்துமா என்பது. நம் ஆட்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். 1953-ல் மத்திய அரசு, உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் உள்ள கம்பெனிகளுக்கு மட்டும்தான் இடம் என்று சொன்னது. வெறுமனே பாகங்களை இறக்கிப் பூட்டிக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. அப்புறம் முப்பது வருஷம், 1983 டிசம்பரில் மாருதி வரும்வரை, சாலையில் பெரும்பாலும் மூன்றே கார்கள்: உத்தரபாராவின் அம்பாசடர், பம்பாய் குர்லாவின் ஃபியட், சென்னைக்குப் பக்கத்து வண்டலூரின் ஸ்டாண்டர்டு. மூன்றும் வெளிநாட்டு வடிவமைப்புகள். ஆனால் இங்கே வந்தபின் தனித்தனி வழியில் போய்விட்டன. அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை இங்கிலாந்தில் 1959-லேயே நின்றுவிட்டது. அம்பாசடர் 2014 மே வரை வந்தது. நடுவில் இருக்கும் ஐம்பத்தைந்து வருஷத்தைப் பற்றி இங்கிலாந்துப் புத்தகத்தில் என்ன இருக்கும்?

மூன்றாவது, எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார்? கம்பெனி ஆவணங்களையா, வண்டியைப் பிரித்தா, அல்லது இன்னொரு புத்தகத்தைப் பார்த்தா? நான்காவது செலவு. அட்டையில் இருக்கும் விலை அல்ல, வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்து அங்கே கெடாமல் இருப்பது வரைக்கும் ஆகும் மொத்தம்.

## வொர்க்‌ஷாப் மேனுவல்

இதில் இரண்டு ஜாதி. ஒன்று, கம்பெனியே தன் டீலர்களின் மெக்கானிக்குகளுக்காக அச்சிட்டது. இன்னொன்று, ஹேன்ஸ் போன்ற பதிப்பகங்கள் வண்டிச் சொந்தக்காரருக்காக எழுதியது. ஜான் ஹேன்ஸ் 1966-ல் ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் காருக்கு முதல் மேனுவலைப் போட்டார். ஒரு வண்டியை நிஜமாகவே பிரித்துப் பூட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துப் போடுவது அவர்கள் வழக்கம்.

கம்பெனி மேனுவலில் அளவுகள் துல்லியமாக இருக்கும். ஆனால் அது படிப்பவரை டீலர் பட்டறைக்குள் நிற்பவராகவே நினைத்துப் பேசும். ஹெரால்டின் பின்சக்கர ஹப்பைக் கழற்றும் பக்கத்துக்குப் போனால், சர்ச்சில் என்ற கருவிக் கம்பெனியின் இன்ன எண் புல்லரை (இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டு என்று ஒரே வரியில் முடித்துவிடும். அந்தப் புல்லர் பெங்களூரில் யாரிடம் இருக்கிறது? மேனுவலில் இருக்கும் படத்தை லேத் பட்டறையில் காட்டி, கனமான இரும்பில் ஒன்று செய்துகொள்ள வேண்டியதுதான். ஹேன்ஸ் மாதிரி புத்தகம் இந்த இடத்தில், தனிக் கருவி இல்லாதவர் என்ன செய்யலாம், எங்கே செய்யவே கூடாது என்று கொஞ்சம் மனசு வைத்துச் சொல்லும். இரண்டில் ஒன்றுதான் என்றால், தானே ஸ்பேனர் பிடிப்பவருக்கு ஹேன்ஸ் வகை. அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துச் செய்பவருக்குக் கம்பெனி மேனுவல்.

இப்போது பொருத்தம். ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் 948 சிசி எஞ்சினோடு வந்தது. அங்கே 1961-லேயே 1147 சிசிக்கும் பிறகு 1296 சிசிக்கும் மாறினார்கள். நம் ஊரில் 948 சிசியே தொடர்ந்தது. அதனால் பிந்தைய பதிப்பாக இருந்தால், அளவு அட்டவணையில் 948-க்குத் தனிப் பத்தி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கென்றே செய்தது, இங்கிலாந்துப் புத்தகத்தில் அதன் பின்கதவு இருக்காது. அதற்கப்புறம் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் இன்னும் சிக்கல். பின்சக்கரங்கள் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் ஹெரால்டின் ஸ்விங் ஆக்ஸில் இங்கே வாங்கியவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை என்று, கெஸலுக்கு இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாகப் பிணைக்கும் உறுதியான லைவ் ஆக்ஸிலை வைத்துவிட்டார்கள். வில்சன் கார்டனில் பழைய வண்டி பார்க்கும் மெக்கானிக் ஒருவர், கெஸல்காரர் ஆசையாகக் கொண்டுவந்த மேனுவலைப் புரட்டி, பின் ஆக்ஸில் அத்தியாயத்தில் விரலை வைத்துச் சொன்னார்: "சார், இது இங்கிலீஷ்காரன் வண்டிக்கு எழுதினது. நம்மளது மெட்ராஸ் வண்டி. எஞ்சினுக்கு இதப் பாக்கலாம், பின்னாடிக்கு இத மறந்துடுங்க."

ஃபியட்டுக்கும் அதே கதைதான். நம் பத்மினி என்பது இத்தாலியின் ஃபியட் 1100 டி. 1089 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு வெளிநாட்டு மேனுவல் நன்றாகவே உதவும். பின்னாளில் வந்த டீசல் 137 டி-க்கு ஒரு பக்கம்கூடக் கிடைக்காது. 1990-களின் இசுசு எஞ்சின் அம்பாசடருக்கும் மோரிஸ் புத்தகத்தின் எஞ்சின் பகுதி வீண்.

ஒளிந்திருக்கும் செலவு என்றால், அலகு மாற்றும் தலைவலியைச் சொல்லலாம். பிரிட்டிஷ் புத்தகங்களில், போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்ற முறுக்கு அளவு பவுண்டு-அடியில் இருக்கும். இப்போது கடையில் கிடைக்கும் டார்க் ரெஞ்சில் பெரும்பாலும் நியூட்டன் மீட்டர். ஒரு பவுண்டு-அடி என்றால் 1.356 நியூட்டன் மீட்டர். பிளக் இடைவெளி 0.025 அங்குலம் என்றிருந்தால் அது சுமார் 0.64 மி.மீ. இதை மேனுவலின் முதல் பக்கத்திலேயே பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள். அவசரத்தில் மனக்கணக்குப் போட்டு ஹெட் போல்ட்டை முறித்தால், புத்தக விலையைப் போல் பல மடங்கு செலவு.

பழைய மேனுவலில் கிரீஸ் கறை இருந்தால் பேரம் பேச அது ஒரு சாக்கு, அவ்வளவுதான். வேண்டாம் என்று வைத்துவிடாதீர்கள். கறுத்துப் போன பக்கங்களைப் பார்த்தே அந்த வண்டியில் அடிக்கடி கெடுவது எது என்று கண்டுபிடித்துவிடலாம். ஹப், கிளட்ச், டைனமோ பக்கங்கள் கறுப்பாகவும் சீட் துணி பற்றிய பக்கம் அச்சடித்த அன்று போல வெள்ளையாகவும் இருக்கும். ஓரத்தில் யாரோ பென்சிலால் குறித்த திருத்தங்கள் இருந்தால் இன்னும் நல்லது.

பார்ட்ஸ் கேட்லாக் தனியாகக் கிடைத்தால் விடாதீர்கள். ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடையில் "அந்தச் சின்ன ரப்பர் இருக்குமே, அது" என்று கையால் வட்டம் போட்டுக் காட்டுவதைவிட, பிரித்து வரைந்த படத்தையும் பாகத்தின் எண்ணையும் நீட்டினால் வேலை முடியும். இங்கிலாந்திலிருந்து பாகம் வரவழைக்க எண் கட்டாயம் வேண்டும்.

## ஒரே மாடலின் வரலாறு

மேனுவல் 'எப்படி' என்று சொல்லும். 'ஏன்' என்பதற்கு இந்த வகை. இதன் பயன் வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஹெரால்டையே உதாரணம் காட்டலாம்.

1950-களின் கடைசியில் வந்த சிறிய கார்கள் பலவும் சேஸியும் (அடிச்சட்டம்) பாடியும் ஒன்றான கட்டுமானம். ஹெரால்டு மட்டும் தனிச் சேஸி மேல் போல்ட் போட்டுப் பூட்டிய பாடி. காரணம் தொழில்நுட்பம் அல்ல, வியாபாரம். ஹெரால்டைத் தயாரித்த ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடி செய்து தர ஆள் இல்லை. அதனால் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பல இடங்களில் செய்து, சேஸி மேல் கோத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். அதற்கு அழகான உருவம் கொடுத்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. துண்டு துண்டாகப் பூட்டும் வண்டி என்பதால் பெட்டியில் அனுப்பி வெளிநாட்டில் பூட்டுவதும் சுலபம். வண்டலூருக்கு அது தோதாகவே அமைந்தது.

இதைப் படித்தவர் தன் ஹெரால்டின் கதவு இடைவெளி கோணலாக இருப்பதைப் பார்த்ததும் பாடிக் கடைக்கு ஓடி டிங்கரிங் செய்யச் சொல்ல மாட்டார். சேஸி மேல் பாடி உட்காரும் இடங்களையும் அங்கே இருக்கும் ரப்பரையும் முதலில் பார்ப்பார். வரலாற்றுப் புத்தகத்தின் விலை அந்த ஒரு வேலையிலேயே திரும்பி வந்துவிடும்.

தேடும்போது ஒரு விஷயம்: 'ஸ்டாண்டர்டு' என்ற கார்ப் பெயரை இங்கிலாந்தில் 1963-லேயே விட்டுவிட்டார்கள். இங்கே அது 1980-களின் ஸ்டாண்டர்டு 2000 வரை வந்தது. ஹெரால்டு அங்கே ட்ரையம்ப் என்ற பெயரில்தான் விற்றது, அதனால் ட்ரையம்ப் ஹெரால்டு என்று தேடினால்தான் புத்தகம் அகப்படும். அதேபோல அம்பாசடருக்கு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, பத்மினிக்கு ஃபியட் 1100.

குறை என்ன? இந்தியா பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில் அரைப் பக்கம். கையில் எடுத்ததும் பின்பக்கச் சொல்லடைவில் இந்தியா, மெட்ராஸ் என்று தேடுங்கள். சொல்லடைவே இல்லை என்றால் எழுதியவரின் உழைப்பைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஹெரால்டு 1971-ல் முடிந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு கெஸலைப் பற்றி வாயே திறக்காத புத்தகம், இங்கிலாந்து வரலாறாக நல்லதாக இருக்கலாம். உங்கள் வண்டிக்கு அது பாதி வரலாறு.

## பெரிய படப்புத்தகம்

மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ், வெள்ளித் தகடு பதித்த விளக்கு, அரண்மனை வாசல். பார்க்கப் பார்க்கத் திகட்டாது, அதை நான் மறுக்கவில்லை. பரிசாகக் கொடுக்க இதைவிட நல்ல வகை இல்லை. வீட்டில் கார் ஆசையே இல்லாதவர்கூட எடுத்துப் புரட்டுவார்.

ஆனால் பழுது பார்க்கவோ மூல நிலையைச் சரிபார்க்கவோ இதை நம்பக் கூடாது. படத்தில் இருப்பவை பெரும்பாலும் போட்டிக்காகப் புதுப்பித்த வண்டிகள். கம்பெனியிலிருந்து வந்தபோது இல்லாத பளபளப்பு, குரோம், இரட்டை வண்ணம் எல்லாம் ஏறியிருக்கும். அதைப் பார்த்து உங்கள் வண்டிக்கு வண்ணம் அடித்தால், விஷயம் தெரிந்தவர் முதல் பார்வையிலேயே கேட்டுவிடுவார்.

செலவும் இங்கேதான் அதிகம் ஒளிந்திருக்கிறது. இரண்டு, மூன்று கிலோ எடையுள்ள புத்தகம் வெளிநாட்டிலிருந்து வந்தால் கப்பல், விமானக் கூலி புத்தக விலையையே தொட்டுவிடும். 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீத சுங்க வரியும் போட்டார்கள். அதற்கு மேல் கூரியர்காரரின் கையாளும் கட்டணம். வாங்கி வைத்த பிறகு ஈரம். மழைக்காலத்தில் சுவரோடு ஒட்டிய அலமாரியில் வைத்தால், வழவழப்பான ஆர்ட் பேப்பர் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் கிழிந்துதான் வரும். சாதாரணக் காகிதத்தில் அச்சான மேனுவல் நனைந்தால் உலர்த்தி எடுத்துவிடலாம். ஆர்ட் பேப்பருக்கு வைத்தியமே இல்லை.

## பொது மோட்டார் வரலாறு

1886 ஜனவரியில் கார்ல் பென்ஸ் வாங்கிய காப்புரிமை, 1888-ல் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் பிள்ளைகளோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு ஓட்டிய பயணம், 1913-ல் ஃபோர்டு தொடங்கிய, வண்டி நகர நகரப் பாகங்களைப் பூட்டும் வரிசை, 1908 முதல் 1927 வரை அவர் விற்ற ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள். இந்தக் கதைகள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஒன்று போதும், இரண்டாவது வேண்டாம். சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தக அடுக்கில் மலிவாகக் கிடைப்பதும் இந்த வகைதான். கல்லூரி செல்லும் பிள்ளைக்கு முதல் புத்தகமாகக் கொடுக்க ஏற்றது. இந்தியப் பகுதி அநேகமாக இருக்காது, அதை எதிர்பார்க்காமல் வாங்கினால் வருத்தமில்லை.

## பழைய ரோடு டெஸ்ட், பிரோஷர்

எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான், அதனால் கொஞ்சம் சார்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி புதிதாக இருந்த நாளில் பத்திரிகைக்காரர் ஓட்டிப் பார்த்து எழுதியதில் பின்னாளைய ஏக்கம் கலந்திருக்காது. பிரேக் மோசம் என்றால் மோசம் என்றே எழுதியிருப்பார். ஒரு மாடலின் பழைய ரோடு டெஸ்டுகளைத் தொகுத்துப் போடும் புரூக்லேண்ட்ஸ் புக்ஸ் போன்ற பதிப்பகங்கள் இருக்கின்றன. உதிரி இதழ்களைத் துரத்துவதைவிட அது மலிவு.

பிரோஷருக்கு இப்போது நடைமுறைப் பயனும் உண்டு. 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷத்துக்கு மேல் ஆன, சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், எண் பலகையில் 'வி.ஏ.' என்று வரும். அப்புறம் அதைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்தான். ஹெரால்டுகள் எல்லாமே வயதில் தகுதி பெற்றுவிட்டன, கெஸல்களும் ஒவ்வொன்றாக அந்த வரம்பைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. இங்கே விற்ற வண்டிக்கு இங்கே அச்சிட்ட பிரோஷர், எந்த வண்ணம், எந்த விளக்கு, எந்த டேஷ்போர்டு என்ற சந்தேகத்தைத் தீர்க்கும். மாற்றியதா, மூலமா என்று நீங்களே முதலில் சரிபார்த்துக்கொள்ளலாம். நான்கு பக்க மடிப்புக் காகிதம்தான், ஆனால் இந்திய வண்டிக்கு நூற்றுக்கு நூறு பொருந்துவது இது மட்டுமே.

குறை: உதிரிக் காகிதத்துக்கு விலை சொல்பவர் இஷ்டம். கலர் ஜெராக்ஸை மூலம் என்று விற்பவர்களும் உண்டு. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பழைய அச்சின் புள்ளிகளும் மடிப்பில் உதிர்ந்த மையும் தெரிய வேண்டும்.

## பி.டி.எஃப்.

இலவசம் அல்லது கிட்டத்தட்ட இலவசம். வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ள அருமை. ஆனால் வயரிங் படம் மேனுவலில் மடித்து ஒட்டிய பெரிய தாளாக இருக்கும். ஸ்கேன் செய்தவர் அதை விரிக்காமல் பாதியோடு விட்டிருப்பார். வண்ணக் குறியீடும் கறுப்பு வெள்ளையில் போய்விடும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும் என்பதால், இந்த ஒரு பக்கத்தில் தவறு நேர்ந்தால் புகைதான் வரும். பட்டறையில் எண்ணெய்க் கையோடு போனைத் தடவிக்கொண்டிருப்பதும் நடக்கிற காரியமில்லை.

## ஒரே பார்வையில்

| வகை | எதற்குப் பதில் | இந்திய வண்டிக்கு | ஒளிந்த செலவு |
|---|---|---|---|
| கம்பெனி மேனுவல் | அளவு, பூட்டும் முறை | எஞ்சினுக்கு நன்று, மற்றது மாடலைப் பொறுத்து | தனிக் கருவிகள் |
| ஹேன்ஸ் வகை | தானே செய்வது | அதேதான் | அலகு மாற்றம் |
| மாடல் வரலாறு | ஏன் இப்படி | பாதி | வெளிநாட்டுத் தபால் |
| படப்புத்தகம் | பார்த்து ரசிக்க | குறைவு | எடை, வரி, ஈரம் |
| பொது வரலாறு | பின்னணி | அநேகமாக இல்லை | இடம் மட்டும் |
| ரோடு டெஸ்ட் தொகுப்பு | புதிதில் எப்படி ஓடியது | பாதி | வெளிநாட்டுத் தபால் |
| இந்தியப் பிரோஷர் | மூல நிலை | முழுவதும் | போலி, ஏறிய விலை |
| பி.டி.எஃப். | முன்னோட்டம் | மூலத்தைப் பொறுத்து | விடுபட்ட பக்கங்கள் |

## பெங்களூரில் வாங்குவது

சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசம், புக்வேர்ம், பிரிகேட் ரோடு பக்கம் செலக்ட் என்று ஒரே நடையில் பார்த்துவிடலாம். படப்புத்தகமும் பொது வரலாறும் அங்கே அகப்படும். மேனுவல் புத்தகக் கடைக்கு அபூர்வமாகத்தான் வரும். அது பழைய மெக்கானிக்குகளின் பீரோவிலும், வின்டேஜ் கார் கிளப் ஆட்களிடமும் இருக்கும். நேரில் கேட்டால் விற்காவிட்டாலும், தேவையான பக்கத்தைப் பார்த்துக்கொள்ள விடுவார்கள்.

வெளியூரிலிருந்து தபாலில் வாங்குபவர்களுக்கு: பழைய பதிவுப் புத்தகத் தபால் 2024 டிசம்பரில் நின்றது. 2025 மே முதல் 'ஞான் போஸ்ட்' வந்திருக்கிறது. 300 கிராமுக்கு 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. பத்திரிகைகளுக்கு இது கிடையாது.

## யாருக்கு எது

அல்சூர் வாசகருக்கு என் பதில்: முதலில் 948 சிசி அளவுகள் உள்ள மேனுவல். மிஞ்சிய பணத்தில் ட்ரையம்ப் ஹெரால்டு வரலாறு ஒன்று, பழையதாகவே. பிரோஷர் கண்ணில் பட்டால் வரலாற்றைத் தள்ளிவைத்துவிட்டு அதை வாங்குங்கள், அது மறுபடி கிடைக்காது.

கெஸல், டீசல் பத்மினி, இசுசு அம்பாசடர் வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு மேனுவலுக்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டாம். பி.டி.எஃப். பார்த்து எந்த அத்தியாயம் பொருந்துகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தப் பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். மீதிப் பணத்தை உதிரி பாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வண்டி இன்னும் வாங்காதவர், எதை வாங்கலாம் என்று யோசிப்பவர் ரோடு டெஸ்ட் தொகுப்பில் தொடங்கலாம். ஆசைப்பட்ட கார் நிஜத்தில் எவ்வளவு மெதுவாகப் போகும், எவ்வளவு இரைச்சல் போடும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

வண்டியே வேண்டாம், படிக்க மட்டும் ஆசை என்பவருக்கு ஒரு பொது வரலாறும் ஒரு மாடல் வரலாறும். மாடல் வரலாற்றில் உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு காலத்தில் நின்ற வண்டியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் புத்தகத்தில் தவறு இருந்தால் உங்களுக்கே பிடிபடும். படப்புத்தகத்தை இவர்கள் வாங்கலாம், தாராளமாக. சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, படுக்கவைத்து அடுக்கி, மழை மாதங்களில் வாரம் ஒருமுறையாவது பக்கங்களைப் புரட்டிக் காற்றாட விடுங்கள். ராமபாணப் பூச்சி வந்திருந்தாலும் அப்போதே கண்ணில் பட்டுவிடும்.